ஆள் இல்லாத சட்டை

"என்னடா இது, ஆளைக் காணோமே?"

ஹூஸ்டன் நகரின் நடுவில், டொயோட்டா சென்டர் வாசலில் நின்றுகொண்டு அப்பா கேட்டார். எதிரே ஒரு பீடம். அதன் மேல் உலோகத்தில் வார்த்த கூடைப்பந்துச் சட்டை. மார்பில் 34 என்ற எண். கழுத்துக்கு மேலே வானம்தான்.

"சிலையைப் பார்க்கலாம் வாங்கன்னு கூட்டிட்டு வந்தே. தலையை வைக்க மறந்துட்டானுங்களா?"

மறக்கவில்லை. இந்த ஊரின் ராக்கெட்ஸ் அணிக்கு ஆடிய கூடைப்பந்து வீரர் ஹக்கீம் ஒலாஜுவானின் சட்டை அது. அவருடைய இஸ்லாமிய நம்பிக்கைப்படி மனித உருவத்தைச் சிலையாக வடிக்கக் கூடாது. அதனால் சட்டையோடு நிறுத்திக்கொண்டார்கள். நாலாள் உயரக் கட்-அவுட்டுக்குப் பால் ஊற்றுவதைப் பார்த்துப் பழகிய அப்பாவுக்கு இது மனசில் ஒட்டவில்லை. சட்டையைச் சுற்றி ஒரு வலம் வந்தார். "கொண்டாடறதுன்னு ஆச்சு, முகம் வேண்டாமா?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். செருப்பைக் கழற்றாததுதான் பாக்கி.

எனக்கும் இந்த ஊருக்கு வந்த புதிதில் அப்படித்தான் இருந்தது. நான் வந்தது 2006இல். ஒலாஜுவான் 2002இலேயே ஓய்வு பெற்றுவிட்டார். அவர் ஆடி ஒரு ஆட்டம்கூட நான் நேரில் பார்த்ததில்லை. அப்போது ராக்கெட்ஸ் அணியின் நடுநாயகம் யாவ் மிங். ஏழடி ஆறு அங்குலம், மென்மையான கை, ஊரே அவர்மேல் பிரியமாகத்தான் இருந்தது. ஆனால் யாவ் ஒரு நல்ல ஷாட் போட்டால் அலுவலகத்தில் மூத்தவர்கள் தலையாட்டிவிட்டு, "ம்... ஆனா ட்ரீம் இருந்தப்போ..." என்று இழுப்பார்கள். மாமியார் வீட்டில் மூத்த மருமகளைப் பற்றிப் பேசுகிற மாதிரி ஒரு இழுப்பு. இந்த ட்ரீம் யார் என்று தெரிந்துகொள்ளத்தான் நான் முதலில் காணொளிகளைத் தேடினேன். ட்ரீம் என்பது ஒலாஜுவானின் பட்டப்பெயர். அப்புறம் வெளியே வரவில்லை.

ஒன்று சீக்கிரமே கவனித்தேன். அவர் பேச்சை எடுத்தால் ஹூஸ்டன்காரர்கள் வாயால் பதில் சொல்வதில்லை. முதலில் தோள் ஆடும். எங்கள் கட்டடத்தின் இரவுக் காவலாளி காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, முதுகை என் பக்கம் திருப்பி, இடது தோளைத் தாழ்த்தி, சட்டென்று வலப்பக்கம் சுழன்று காட்டினார். அறுபது வயது இருக்கும், முட்டியில் பட்டை கட்டியிருந்தார். முடி வெட்டுகிறவர் கத்தரியோடு அதையே செய்தார். என் காது அவர் கையில் இருந்த நேரம் அது. சூப்பர்மார்க்கெட் வரிசையில் என் பனியனில் 34ஐப் பார்த்த ஒரு பாட்டியம்மா, தள்ளுவண்டியைப் பிடித்தபடியே இரண்டு தோளையும் ஒரு குலுக்குக் குலுக்கி, ஒரு வார்த்தை பேசாமல், பில் போடப் போய்விட்டார்.

ட்ரீம் ஷேக் என்று அந்த அசைவுக்குப் பெயர். பெயர் தெரிந்தால் போதாது, மெதுவாக ஓடவிட்டுப் பார்க்க வேண்டும்.

வளையத்துக்கு முதுகைக் காட்டி, கோர்ட்டின் ஓரத்தில் நிற்பார். பந்து கைக்கு வரும். பின்னால் ஏழடி ஆள் ஒருவர் அவர் இடுப்பில் முன்கையை ஊன்றிக்கொண்டு நிற்பார். ஒரு கணம் ஒன்றும் நடக்காது. பிறகு தோள் நடுப்பக்கமாகச் சாயும். கண்ணும் கழுத்தும் கூடவே போகும். பின்னால் நிற்பவர் எடையை அந்தக் காலுக்கு மாற்றுவார். மாற்றிய அதே நொடியில் ஒலாஜுவானின் ஊன்றுகால் எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கும். உடம்பு எல்லைக்கோட்டை ஒட்டிச் சுழன்று, பின்னோக்கிச் சாய்ந்தபடியே எழும்பும், பந்து விரலை விட்டுப் போகும். சில சமயம் அதுவும் பொய். எழும்புவது போல் காட்டுவார், எழும்ப மாட்டார். எதிராளி மேலே போய்விட்டுக் கீழே வருவதற்குள், அவர் கைக்கு அடியிலேயே புகுந்து பந்தை வைத்துவிட்டு வருவார். மூன்று பொய், ஒரு உண்மை. எது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. பார்த்தால் அவருக்கே கடைசி நொடியில்தான் தெரியும் என்று தோன்றும்.

அந்தக் கால் எங்கிருந்து வந்தது என்பதற்கு நைஜீரியாவின் லாகோஸ் நகருக்குப் போக வேண்டும். 1963இல் அங்கே யொரூபா மொழி பேசும் ஒரு குடும்பத்தில் பிறந்தார். பெற்றோருக்கு சிமெண்ட் வியாபாரம். பள்ளியில் கால்பந்து ஆடினார், அதிலும் கோல்கீப்பர். அப்புறம் கைப்பந்து, அதாவது ஹேண்ட்பால். பதின்ம வயதின் நடுவில்தான் கூடைப்பந்து கைக்கு வந்தது. ஏழடி ஆளை அமெரிக்காவில் ஐந்து வயதிலிருந்தே வளையத்தடியில் நிறுத்திவிடுவார்கள். உயரம் இருக்கிறது, பிறகு கால் எதற்கு என்று விட்டுவிடுவார்கள். இவருக்கு அந்த 'வசதி' கிடைக்கவில்லை. உயரம் முழுதாக வருவதற்கு முன்பே கால் வந்துவிட்டது. எதிராளி எந்தப் பக்கம் உதைப்பான் என்று தோளைப் பார்த்துக் கணிக்கிற கோல்கீப்பர் வேலையைத்தான் பின்னால் தலைகீழாக்கி, தன் தோளை வைத்து அடுத்தவனை ஏமாற்றினார் என்பது என் ஊகம்.

1980இல், பதினேழு வயதில், ஹூஸ்டன் பல்கலைக்கழகத்துக்கு வந்து இறங்கியபோது விமான நிலையத்தில் அவரை அழைத்துப்போக ஒருவரும் வரவில்லை. தொலைபேசியில் கூப்பிட்டதற்கு, டாக்ஸி பிடித்து வந்துவிடு என்றார்களாம். இந்தக் கதையைச் சொல்லும்போது ரசிகர்களின் முகத்தில் ஒரு பூரிப்பு வரும். ஊர் தன் அசட்டுத்தனத்தையே ரசித்துச் சொல்கிறது.

அந்த டாக்ஸி கதையை எனக்கு முதலில் சொன்னவரும் ஒரு டாக்ஸிக்காரர்தான். ஹூஸ்டனில் நைஜீரியர்கள் நிறைய. லாகோஸிலிருந்து வந்த எந்த ஓட்டுநரைக் கேட்டாலும் ஒலாஜுவானோடு படித்த ஒருவரைத் தெரியும் என்பார். எல்லாம் உண்மையென்றால் அந்தப் பள்ளியில் குறைந்தது ஒரு லட்சம் பேர் படித்திருக்க வேண்டும். இவர் அப்படி எதுவும் சொல்லவில்லை, அதனாலேயே நம்பினேன். ஆனால் நான் பெயரைச் சொன்ன விதம் பிடிக்காமல், சிவப்பு விளக்கில் நிறுத்தி, யொரூபாவில் எந்த அசை ஏற வேண்டும், எது இறங்க வேண்டும் என்று இரண்டு முறை சொல்லிக் கொடுத்தார். மற்றவர்களுக்கு மேலே நிற்பது என்பதுபோல் அந்தப் பெயருக்குப் பொருள் என்றார். மீட்டர் ஓடிக்கொண்டே இருந்தது. பரவாயில்லை.

பெயரில் இன்னொரு சங்கதியும் உண்டு. பல்கலைக்கழகத்தில் அவர் பெயரை 'அக்கீம்' என்று எழுதிவிட்டார்கள். பத்து வருஷத்துக்கும் மேல் அப்படியே அழைத்தார்கள், அவரும் விட்டுவிட்டார். 1991இல்தான், பெயரை மாற்றவில்லை, எழுத்தைத் திருத்துகிறேன் என்று சொல்லி 'ஹக்கீம்' ஆனார். கடவுச்சீட்டில் ஒரு எழுத்து விட்டுப்போனதால் வாழ்நாள் முழுக்க வேறு பெயரில் அலைகிற நம்மவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

கல்லூரிக் காலத்தில் கிளைட் டிரெக்ஸ்லரோடு சேர்ந்து ஆடிய அந்த அணிக்கு 'ஃபை ஸ்லாமா ஜாமா' என்று கிண்டலும் பெருமையுமாக ஒரு பட்டப்பெயர். டங்க் அடித்தே, அதாவது எழும்பிப் பந்தை வளையத்துக்குள் கையாலேயே திணித்தே, எதிரணியைச் சாய்ப்பார்கள். பயிற்சியாளர் கை லூயிஸ், இந்தப் பையன் டங்க் அடிப்பது கனவு மாதிரி இருக்கிறது என்றதில்தான் 'ட்ரீம்' வந்தது. விடுமுறையில் ஃபோண்டே என்ற பொது உடற்பயிற்சிக் கூடத்தில் மோசஸ் மலோனோடு மோதுவார். மலோன் அப்போது அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்பிஏவின் உச்சத்தில் இருந்தவர், இந்தப் பையனை இடித்தே பழக்கினார். ஆனாலும் கோப்பை கிடைக்கவில்லை. 1983 இறுதியாட்டத்தில் நார்த் கரோலினா ஸ்டேட், கடைசி நொடியில் வளையத்தைத் தொடாத ஒரு ஷாட்டை அந்தரத்தில் பிடித்து உள்ளே திணித்து 54-52 என்று ஜெயித்தது. தோற்ற அணியில் இருந்தும் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது ஒலாஜுவானுக்குப் போனது. அடுத்த வருஷம் பேட்ரிக் யூயிங்கின் ஜார்ஜ்டவுனிடம் தோல்வி. பழைய ஆட்கள் 1983ஐப் பற்றிப் பேசும்போது இன்றும் குரல் இறங்கிவிடும், வீட்டில் ஏதோ நடந்துவிட்ட மாதிரி.

என்பிஏ அணிகள் புது ஆட்டக்காரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் 1984 டிராஃப்டில் ராக்கெட்ஸ் அவரை முதலாவதாக எடுத்தது. மூன்றாவதாகப் போனவர் மைக்கேல் ஜோர்டன். இரண்டாவதாக சாம் போவியை எடுத்த போர்ட்லண்டை நாற்பது வருஷமாக உலகம் கேலி செய்கிறது. ஜோர்டனை விட்டது ஹூஸ்டனும்தான். ஆனால் ஹூஸ்டனை ஒருவரும் கேலி செய்வதில்லை. ஒலாஜுவானுக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் எனக்குத் தெரியவில்லை.

அவரை மகானாக்கிப் பேசுகிறவர்கள் ஆரம்ப வருஷங்களைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு அந்த முன்கோபக்கார அக்கீமையும் பிடிக்கும். 1986இல் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் அணியை வீட்டுக்கு அனுப்பிய ஆட்டத்தில், அந்த அணியின் மிட்ச் குப்சாக்கோடு அடிதடியாகி வெளியேற்றப்பட்டார். சக ஆட்டக்காரர் ரால்ஃப் சாம்சன் கடைசி நொடியில் போட்ட அந்தப் பிரசித்தி பெற்ற ஷாட் விழுந்தபோது இவர் களத்தில் இல்லை. 1992இல் தொடைத் தசையில் காயம் என்று உட்கார்ந்தபோது, நடிக்கிறார் என்று அணி நிர்வாகமே குற்றம் சாட்டியது. என்னை விற்றுவிடுங்கள் என்று இவர் கேட்டார். கிட்டத்தட்ட போயே போயிருப்பார். ஜப்பானுக்குப் போன ஒரு நீண்ட விமானப் பயணத்தில் உரிமையாளரோடு உட்கார்ந்து பேசித்தான் மனஸ்தாபம் தீர்ந்தது. அந்த விமானத்தில் இருவரும் தூங்கியிருந்தால் ஹூஸ்டனுக்கு இரண்டு கோப்பை இல்லை.

அந்தக் காலத்தில் மதத்துக்கு முழுமையாகத் திரும்பினார், கோபம் அடங்கியது. ரமலான் மாதத்தில் ஆட்ட நாளிலும் நோன்பு. விடியலுக்கு முன் ஏழு பேரீச்சம்பழம், ஒரு கேலன் தண்ணீர்; அப்புறம் சூரியன் மறையும் வரை ஒன்றும் கிடையாது, பகலாட்டமானாலும் சரி. 1995இல் பிப்ரவரி ஒன்றாம் தேதி ரமலான் தொடங்கியது. அந்த பிப்ரவரியின் சிறந்த ஆட்டக்காரர் விருதை அவர்தான் வாங்கினார். எங்கள் அலுவலகத்தில் நோன்பிருக்கும் பாகிஸ்தானி நண்பர், மதியம் மூன்று மணிக்குக் கண் சொருகும்போது, "ட்ரீம் இந்நேரம் டேவிட் ராபின்சனைத் தடுத்துக்கொண்டிருப்பார்" என்று சொல்லி நிமிர்ந்து உட்காருவார்.

எண்களும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் ரசிகன் என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள். 3,830 பிளாக்குகள், அதாவது எதிராளி போட்ட ஷாட்டை அந்தரத்திலேயே தட்டிவிட்டது. என்பிஏ அந்தக் கணக்கை எடுக்கத் தொடங்கியதிலிருந்து யாரும் கிட்ட வரவில்லை. இரண்டாமிடத்தில் காங்கோவின் டிகெம்பே முட்டம்போ, 3,289. 1988-89 பருவத்தில் 282 பிளாக், 213 ஸ்டீல் (எதிராளியிடமிருந்து பந்தைப் பறிப்பது). இரண்டிலும் ஒரே பருவத்தில் இருநூறைத் தாண்டியவர் வேறு ஒருவரும் இல்லை. பெரிய மரம் ஒன்று கைக்குட்டை திருடுவதுபோல் யோசித்துப் பாருங்கள்.

ஆனால் எண்களில் ரசிகர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது 1990 மார்ச் கதையைத்தான். கோல்டன் ஸ்டேட் அணிக்கு எதிராகப் புள்ளி, ரீபவுண்ட் (தவறிய ஷாட்டில் திரும்பி வரும் பந்தைப் பிடிப்பது), பிளாக் மூன்றும் இரட்டை இலக்கம். அசிஸ்ட், அதாவது அடுத்தவர் புள்ளி எடுக்கப் பந்தைக் கொடுப்பது, மட்டும் ஒன்பது. வீடியோவைப் பார்த்து இன்னொன்றைச் சேர்த்து அணி பத்தாக்கியது. லீக் மறுத்துவிட்டது, ஒன்பதுதான் என்று. சரி என்று அதே மாதம் 29ஆம் தேதி மில்வாக்கிக்கு எதிராக 18 புள்ளி, 16 ரீபவுண்ட், 10 அசிஸ்ட், 11 பிளாக். மறுகூட்டலில் ஒரு மார்க் தர மறுத்த பள்ளிக்கூடத்துக்கு, அடுத்த பரீட்சையில் சதம் வாங்கிக் காட்டிய மாதிரி.

1994. பருவத்தின் முடிவில் வரும் பிளேஆஃப் சுற்றில் சொந்த ஊரில் பீனிக்ஸிடம் முதல் இரண்டு ஆட்டத்தையும், பெரிய முன்னிலையை வைத்துக்கொண்டே கோட்டைவிட்டார்கள். 'சோக் சிட்டி' என்று உள்ளூர்ப் பத்திரிகையே தலைப்புப் போட்டது: கடைசியில் தொண்டை அடைத்துப்போகிற ஊர். அந்தத் தொடரையே ஜெயித்தபின் ஊர் அதை 'கிளட்ச் சிட்டி' ஆக்கிக்கொண்டது. கழுத்தை நெரிக்கும் நேரத்தில் கைகொடுக்கிற ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்றும் அணியின் சின்னமான கரடிக்கு கிளட்ச் என்றுதான் பெயர். இறுதித் தொடரில் எதிரே அதே யூயிங், நியூயார்க். ஆறாவது ஆட்டம், இரண்டு புள்ளி முன்னிலை, கடைசி விநாடிகள். ஜான் ஸ்டார்க்ஸ் தூரத்திலிருந்து எழும்புகிறார். விழுந்தால் கோப்பை நியூயார்க்குக்கு. வளையத்தடியில் நிற்கிற சென்டருக்கு அங்கே வேலையே இல்லை. ஒலாஜுவான் வெளியே பாய்ந்து, விரல் நுனியில், நகத்தளவு, பந்தைத் தொட்டார். அவ்வளவுதான். ஏழாவது ஆட்டத்தையும் ஜெயித்தார்கள். அந்த ஒரே பருவத்தில் மதிப்புமிக்க ஆட்டக்காரர், சிறந்த தற்காப்பாளர், இறுதித் தொடரின் நாயகன் என்ற மூன்று விருதும் அவருக்கு. மூன்றையும் ஒரே பருவத்தில் வாங்கியவர் அவருக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

1995இன் கதையை அப்பாவுக்கு அன்றிரவு வீட்டில் காணொளியாகவே போட்டுக் காட்டினேன். ஆறாவது இடத்தில் தட்டுத் தடுமாறி உள்ளே வந்த அணி. சான் அன்டோனியோவோடு அரையிறுதி மாதிரியான தொடர். அந்த வருஷத்தின் மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருது அந்த அணியின் சென்டர் டேவிட் ராபின்சனுக்கு. இரண்டாவது ஆட்டத்துக்கு முன்னால், ஒலாஜுவானின் கண்ணெதிரேயே கோப்பையைக் கொடுத்தார்கள். அன்று இவர் 41 புள்ளி எடுத்தார். அதில் ஒன்றுதான் எல்லோரும் தோளாட்டிக் காட்டுவது. பந்தைத் தட்டிக்கொண்டு போய், ஒரு பக்கம் வெட்டி, மறுபக்கம் சுழன்று, எழும்புவது போல் காட்டுகிறார். ராபின்சன் கடற்படைக் கல்லூரியில் படித்தவர், அந்தக் காலத்தின் மிக வேகமான பெரிய மனிதர். அவர் முழுதாக அந்தரத்தில் போகிறார். போய், இறங்கி, திரும்பிப் பார்ப்பதற்குள் பந்து உள்ளே. தொடர் முழுக்க ஒலாஜுவானின் சராசரி 35.3. ஹக்கீமுக்கு விடை கண்டுபிடிக்கிறதாவது, அவருக்கு விடை கிடையாது என்று ராபின்சனே பின்னாளில் சொல்லிவிட்டார். இறுதியில் இளம் ஷக்கீல் ஓ'நீலின் ஆர்லாண்டோவை 4-0. எல்லோரையும் வம்பிழுத்துப் பழகிய ஷக்கீல், தன்னால் மிரட்ட முடியாத ஒரே ஆள் இவர்தான் என்பார்.

இதுதான் எனக்குப் புரிய நாளானது. அவருடைய ஆகப்பெரிய ரசிகர்கள் அவரிடம் அடிவாங்கியவர்கள். அப்புறம், அவரிடம் பாடம் கேட்க வந்தவர்கள். கோபி பிரையன்ட் வந்தார். 2011இல் இறுதித் தொடரில் தோற்ற கையோடு லெப்ரான் ஜேம்ஸ் வந்தார். அடுத்த வருஷம் கோப்பை வாங்கினார். கேமரூனிலிருந்து வந்த ஜோயல் எம்பீட் இவருடைய ஆட்டக் காணொளியைப் பார்த்தே கற்றுக்கொண்டவர். எல்லோரும் கேட்டது ஒன்றே: அந்தக் காலை எப்படி வைக்கிறது?

இன்னொரு வகை ரசிகர்களும் உண்டு, அவர்கள் பேச்சில் கூடைப்பந்தே வராது. ஜோர்டன் காலணி நூறு டாலரைத் தாண்டிய நாட்களில், கூலிவேலை செய்யும் தாய் எப்படி வாங்குவாள் என்று கேட்டு, 1995இல் ஸ்பால்டிங் நிறுவனத்தோடு சேர்ந்து நாற்பது டாலருக்கும் குறைவாகத் தன் பெயரில் காலணி கொண்டுவந்தார். முடி வெட்டுகிறவரிடம் அந்த ஜோடி இருந்தது. பள்ளியில் மற்ற பையன்கள் சிரித்தார்களாம். "சிரிச்சவன் எல்லாம் ஆட்டத்துல என்கிட்ட தோத்தான்" என்றார். பொய்யாக இருக்கலாம், நான் கத்தரியைப் பார்த்துத் தலையாட்டினேன். 2001இல் டொராண்டோவுக்குப் போய் ஒரு வருஷம் ஆடினாரே என்று கேட்டதற்கு மட்டும், காதில் விழாத மாதிரி இயந்திரத்தை ஓடவிட்டார்.

அப்பாவைக் கூட்டிக்கொண்டு ஊரில் மற்ற இடங்களுக்கும் போனேன். இரண்டு கோப்பையும் ஜெயித்த பழைய சம்மிட் அரங்கம் இப்போது பிரம்மாண்டமான தேவாலயம். வளையம் இருந்த இடத்தில் பாட்டுக் குழு. நகர மையத்தில், 1928இல் கட்டிய பழைய வங்கிக் கட்டடம் ஒன்றை ஒலாஜுவான் 1994இல் வாங்கினார். பெரிய பெரிய தூண்களோடு நிற்கும் அது இப்போது மசூதி. "ஆடின இடம் சர்ச், பேங்க் மசூதி, சிலைக்குத் தலை இல்லை," என்று அப்பா விரல்விட்டு எண்ணினார். "நல்ல ஊருடா உங்க ஊரு."

அன்றிரவு ராபின்சன் ஏமாந்த அந்த எட்டு நொடியை அப்பா நான்கு முறை போடச் சொன்னார். இளவயதில் ஊரில் சடுகுடு ஆடியவர் அவர். நான் தோளைக் காட்டி விளக்கப் போனேன். கையமர்த்தினார்.

"தோளை விடு. காலைப் பாரு. ஏறிப் பாடறவன் பிடிக்கிறவனோட முட்டியைத்தான் பார்ப்பான். அவன் முட்டி மடங்கறவரைக்கும் இவன் காத்திருக்கான். பார்த்தியா? இப்ப மடங்குது பாரு... போயிட்டான்."

பதினைந்து வருஷமாக அந்தக் காணொளியைப் பார்க்கிறேன். ராபின்சனின் முட்டியை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

மறுநாள் காலை, அடுப்படியில் அம்மா முறுக்கு டப்பாவை மறைத்துக்கொண்டு நின்றிருந்தார். சர்க்கரை, கொழுப்பு என்று டாக்டர் ஏற்கெனவே எச்சரித்திருந்தார். அப்பா தண்ணீர் எடுக்கப் போகிறவர் மாதிரி இடப்பக்கம் தோளைச் சாய்த்தார். அம்மா அந்தப் பக்கம் நகர்ந்தார்.